மரவேலை ஹாபியா? கிட் வேண்டாம், உளியில ஆரம்பிங்க

வீட்லயே ஒரு ஷெல்ஃப் செய்யணும்னு ஆசை வந்ததும் பலரும் நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில பெரிய டூல் கிட் எடுத்துடறாங்க. வட்டித் தொகையை விற்பவர் தள்ளுபடியா கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க கார்டு பில்லில்தான் வரும். பிராசசிங் ஃபீஸ் இருந்தா அது தனி.

வாங்கறதுக்கு முன்னாடி விலையைப் பயன்பாட்டால வகுத்துப் பாருங்க. 4,000 ரூபாய் மெஷினை 4 தடவைதான் தொடுவீங்கன்னா, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். வாடகை அதைவிடக் குறைவுன்னா வாடகைதான் சரி.

ஆரம்பத்துக்கு டேப், மூலைமட்டம், கைரம்பம், 2 உளி, 2 கிளாம்ப், பாதுகாப்புக் கண்ணாடி போதும். இழைப்புளி, டிரில் எல்லாம் வேலை கேட்கும்போது பார்த்துக்கலாம்.

பட்ஜெட்டில் மறந்துபோறது சாணைக்கல். புது உளியையும் தீட்டிட்டுத்தான் பயன்படுத்தணும். 1000 கிரிட் கல்லில் சுமார் 25 டிகிரி சாய்வில், பின்பக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தேயுங்க. அப்புறம் பின்பக்கத்தைக் கல்லில் தட்டையா வெச்சுப் பிசிறை எடுங்க. மழுங்கின உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

வேலை முடிஞ்சதும் துடைச்சு, 2 சொட்டு மெஷின் ஆயில் பூசி வைங்க. தேய்மானத்தை இவ்வளவு மலிவா குறைக்கற செலவு வேற இல்லை.