நடை முடிந்ததும் ஒரு பிளேட் பொங்கல்

எங்கள் பேட்டைப் பூங்காவின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு டிபன் கடை. காலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் ஒதுங்குவார்கள். நெய் மினுங்கும் பொங்கல், அதன்மேல் சாய்த்துவைத்த வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. "ஒரு மணி நேரம் நடந்தாச்சு, இனிமே என்ன?" என் அப்பா இருபது வருடம் இதைத்தான் சொன்னார். மழை நாளில்கூட நடையை விட்டதில்லை. 61 வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு 8.4 சதவீதம்: சர்க்கரை நோய்.

70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென நடந்தால் ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி செலவாகும். அந்தப் பொங்கலும் வடையும் காபியும் பத்தே நிமிடத்தில் அதைத் தாண்டிவிடும்.

அந்தக் கணக்கும் முழுசாகச் செல்லுபடியாவதில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள். ஆண்கள் தினமும் சராசரியாக 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு அவர்கள் உடல் செலவிடும் சக்தியை அளந்து 2012-ல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், அமெரிக்கர்கள் செலவிடுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! நடைக்குக் கொடுத்ததை உடம்பு வேறு வேலைகளில் பிடித்தம் செய்துகொள்கிறது என்கிறார் பான்ட்சர்.

அப்படியென்றால் நடப்பது வீணா? இல்லவே இல்லை. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ் 1953-லேயே காட்டினார். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஆனால் தினம் தினம் ஊறுகாயிலும் அப்பளத்திலும் சேரும் உப்புக்கும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் நடை மாற்று மருந்தல்ல. பிரிட்டனில் சுமார் மூன்றரை லட்சம் பேரைப் பல வருடம் கவனித்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி இரண்டிலும் அக்கறை காட்டியவர்களுக்கே இறப்பு அபாயம் மிகக் குறைவு.

அப்பா இன்னமும் நடக்கிறார். கடைக்கும் போகிறார், சிநேகிதர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். இரண்டு இட்லி, நிறைய சாம்பார், சர்க்கரை இல்லாத காபி. முதல் வாரம் நானும் கூடப் போனேன். என் தட்டிலிருந்த வடையைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து நான் வடை சொல்வதில்லை.