சீட்டு வாங்கும் முன் யோசிங்க! பல்கலைக்கழகம் எல்லாம் ஒண்ணு இல்லை

பூலாம்பாடி: பிளஸ்-2 ரிசல்ட் வந்தாலே பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் "எந்த காலேஜ்?" என்பதுதான் பேச்சு. இந்தப் பக்கம் கல்வித் தந்தைகளுக்குப் பஞ்சம் இல்லை. எஸ்.ஆர்.எம். நிறுவனர் பாரிவேந்தர் 2019-ல் உதயசூரியன் சின்னத்தில் நின்று பெரம்பலூர் எம்.பி. ஆனார். 2024-ல் தாமரை சின்னத்தில் நின்று தோற்றார். சீனிவாசன் தொடங்கிய தனலட்சுமி சீனிவாசன் குழுமம், பெரம்பலூரில் வளர்ந்து சமயபுரத்தில் பல்கலைக்கழகமே கண்டுவிட்டது.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எஸ்.ஆர்.எம். 2002-ல் மத்திய அரசிடம் அந்தஸ்து பெற்ற நிகர்நிலை பல்கலைக்கழகம். மற்றது தமிழக சட்டசபையில் சட்டம் போட்டு வந்த தனியார் பல்கலைக்கழகம். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் எல்லாமே அவங்களே.

அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி என்றால் கதை வேறு. கவுன்சிலிங் சீட்டுக்கு கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு அமைத்த கமிட்டி. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு சலுகை உண்டு. 6 முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்பு, ஹாஸ்டல் செலவு அரசுடையது.

கவுன்சிலிங்கை விட்டுவிட்டு நிகர்நிலையில் நேரடியாகச் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. நிலத்தை அடமானம் வைக்கும் முன் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டாச்சா என்று பாருங்க!