பஞ்சுக்குத் தலை வாரலாமா?

சிக்கு எடுக்காம பின்னல் போட முடியுமா? பஞ்சும் அப்படித்தான். மில்லில் அதற்குத் தலை வாருவது கார்டிங் இயந்திரம். இதன் உருளைகளில் உள்ள கம்பிப் பற்கள், பஞ்சை இழை இழையாகப் பிரிக்கும்.

1748-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பால் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் வாரிய பஞ்சைத் துண்டு துண்டாகக் கையால்தான் எடுக்கணும். 1775-ல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், ஆடும் சீப்பு ஒன்று பஞ்சை உரித்தது. அறுபடாத பட்டையாக வந்தது!

வேகம் கூடியது. ஆனா கார்டிங் அறை முழுக்கத் தூசி! அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளே நெஞ்சு இறுகும்.

இப்போதைய நவீன இயந்திரங்களுக்கு மூடி உண்டு. குழாய் வழியே தூசியை உறிஞ்சிவிடும். வேகம் மட்டுமா முன்னேற்றம்? பக்கத்தில் நிற்பவர் நல்லா மூச்சு விடணும். அதுவும் முன்னேற்றம்தான்!