'சாஃப்ட் கோரல்' என்று சொல்லி விற்பதெல்லாம் மென்பவளமா? வாங்கும் முன் அடையாளம் காண்பது எப்படி?

வண்ண விளக்கொளியில் அசைந்தாடும் 'சாஃப்ட் கோரல்' எனும் மென்பவளங்கள் பார்ப்பவர்களைச் சட்டென்று கவர்ந்துவிடும். ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதெல்லாம் மென்பவளம் கிடையாது. அதில் ஒன்று சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். இன்னொன்று குடும்பத்தையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். எனவே வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை இதோ.

மென்பவளம் என்றால் என்ன?

பார்க்கச் செடி போல இருந்தாலும் இது விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து வாழும் கூட்டம். கடினப் பவளம் போல இது கல் எலும்புக்கூடு கட்டாது. சதைக்குள் சுண்ணாம்புத் துகள்கள் மட்டுமே இருக்கும். அதனால்தான் நீரோட்டத்துக்கு ஏற்ப வளைகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

பாலிப் விரிந்திருக்கும்போது அதன் இழைகளை எண்ணிப் பாருங்கள். மென்பவளம் என்றால் 8 இழைகள் இருக்கும். பெரும்பாலான வகைகளில் அவை பறவை இறகு போலப் பிசிறு பிசிறாகத் தெரியும்.

* லெதர் கோரல்: காளான் குடை போன்ற வடிவம், தோல் போன்ற மேற்பரப்பு. புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது.
* சீனியா: உள்ளங்கையை மூடித் திறப்பது போல விடாமல் துடிக்கும். வேகமாகப் பரவும்.
* கிரீன் ஸ்டார் பாலிப்: ஊதா நிற ரப்பர் விரிப்பின் மேல் பச்சை நட்சத்திரங்கள் போல இருக்கும்.

சட்டச் சிக்கல் எங்கே வருகிறது?

ஆர்கன் பைப் கோரலுக்கும் இதே 8 இழைகள்தான். விரிந்திருந்தால் கிரீன் ஸ்டார் பாலிப் என்றே தோன்றும். அடியில் பாருங்கள். அடர் சிவப்பில் குழாய் குழாயாகக் கெட்டியான கூடு இருந்தால் அது ஆர்கன் பைப்.

இதுவும், பாறை கட்டும் கடினப் பவளங்கள், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவே பவளம் வெட்டி எடுக்கப்பட்ட காலம் உண்டு. 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அங்கிருந்து மென்பவளத்தையும் எடுக்கக் கூடாது.

விஷம் எதில் இருக்கிறது?

சட்டை பட்டன் போன்ற வட்டம், அதைச் சுற்றிக் குட்டை குட்டையாக நிறைய இழைகள் இருந்தால் அது ஜோவாந்திட். இது மென்பவள இனமே கிடையாது. இவற்றில் சில வகைகளில் 'பாலிடாக்சின்' என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் கிடைத்த ஒரு வகையிலிருந்து இதைப் பிரித்தெடுத்த விஞ்ஞானிகள் 1971-ல் அதை உலகுக்கு அறிவித்தனர்.

2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த நஞ்சு பரவியது. அந்தக் குடும்பத்தினரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எந்த வகையில் நஞ்சு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே,

* பவளம் ஒட்டிய கல்லை வேகவைக்கவோ, வெந்நீர் ஊற்றவோ, காயவைத்துச் சுரண்டவோ கூடாது.
* கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம்.
* அதன் பிறகு இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், கண் எரிச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பவளத்தைக் கையாண்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது.

பராமரிப்பது எப்படி?

தண்ணீர்: குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவை சேர்த்து, ஒப்படர்த்தியை 1.024 – 1.026 அளவில் வையுங்கள். ஆவியாகிக் குறையும்போது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது என்பதே காரணம்.

வெப்பம்: 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் கோடையில் ஃபேன் அல்லது சில்லர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

வெளிச்சம்: பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசிதான் அதற்கு உணவு தயாரிக்கிறது. எனவே வெளிச்சம் அவசியம். ஆனால் புதிதாக வந்ததை ஒரேயடியாகப் பிரகாசத்தில் வைக்காதீர்கள்.

இடைவெளி: லெதர் கோரல் பக்கத்துப் பவளங்களை விரட்ட வேதிப்பொருளைக் கசியவிடும். நெருக்கி வைக்க வேண்டாம். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருப்பது நல்லது.

மருந்து: மீனுக்கு நோய் என்று தாமிரம் கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றினால் பவளம் செத்துவிடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் சிகிச்சை தர வேண்டும்.

மூடிக்கொண்டால் செத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். லெதர் கோரல் அவ்வப்போது மெழுகு போன்ற மேல்படலத்தை உரிக்கும். அப்போது சில நாட்கள் சுருங்கியே இருக்கும். நீரோட்டம் சற்று கூடுதலாக இருந்தால் சீக்கிரம் உரிந்துவிடும். சதை கரைந்து நாற்றம் வந்தால் மட்டும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

இது என்ன வகை, எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கடைக்காரரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுவதே பாதுகாப்பு. மென்பவளத்தைச் சிறு துண்டாக நறுக்கித் தொட்டியிலேயே வளர்க்க முடியும். அப்படி வளர்ந்ததைத் தேடி வாங்கினால் கடலுக்கும் நல்லது.