ஆட்டக்காரருக்கும் சோதனை, தராசுக்கும் சோதனை!



பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு நிறுவை நேரம் தெரியாமல் இராது. வாளியை இறக்கி வைத்துவிட்டு யாராவது வேறு பக்கம் திரும்பி நிற்பார்களா? தராசு முள் எங்கே நிற்கிறது என்று கண் கொட்டாமல் பார்ப்போம். பாலில் தண்ணீர் கலக்காமல் இருப்பது நம் கடமை. தராசைச் சரியாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. உலகக் கூடைப்பந்துப் போட்டிகளில் நடக்கும் ஊக்க மருந்துச் சோதனையிலும் இப்படி இரண்டு கடமைகள் இருக்கின்றன.

ஒலிம்பிக்கில் இந்தச் சோதனை 1968-இல் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், கூடைப்பந்து வீரர் ஒருவர் அகப்பட்டார். அவர் போர்ட்டோ ரிக்கோ குழுவைச் சேர்ந்த மிகுவேல் கோல். அப்போதைய உலக வெற்றியாளரான யூகோஸ்லாவியாவை அவருடைய குழு தோற்கடித்த ஆட்டத்துக்குப் பின், அவருடைய சிறுநீரில் எஃபெட்ரின் இருப்பது தெரிந்தது. அவர் நீக்கப்பட்டார். குழுவின் வெற்றி மட்டும் நிலைத்தது.

எஃபெட்ரின் என்றதும் ஏதோ மாய மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்துமாவுக்கும் மூக்கடைப்புக்கும் கொடுக்கப்பட்டு வந்த மருந்துதான் அது. சீன வைத்தியத்தில் ‘மா ஹுவாங்’ என்று சொல்லப்படும் மூலிகையிலும் உண்டு. அதே மியூனிக்கில் 16 வயது அமெரிக்க நீச்சல் வீரன் ரிக் டிமோன்ட், ஆஸ்துமா மருந்தில் இருந்த இதே எஃபெட்ரினால், 400 மீட்டர் போட்டியில் வென்ற தங்கப் பதக்கத்தைப் பறிகொடுத்தான். இத்தனைக்கும் தான் சாப்பிடும் மருந்தை அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தான்!

இன்று சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? ஆட்டம் முடிந்ததும் ஓர் அதிகாரி வந்து அழைப்பார். அந்த நொடியிலிருந்து ஆட்டக்காரர் அவர் கண்ணைவிட்டு மறையக் கூடாது. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் அருகில் நின்று பார்க்க, குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதை இரண்டு புட்டிகளில் ஊற்றி முத்திரையிடுவார்கள். புட்டியின்மேல் எண்தான் இருக்கும், பெயர் இராது. கடந்த ஏழு நாட்களில் சாப்பிட்ட மருந்துகளையும் படிவத்தில் எழுத வேண்டும். முதல் புட்டியில் தடை செய்யப்பட்ட மருந்து தெரிந்தால், இரண்டாம் புட்டியையும் சோதிக்கச் சொல்ல ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அதைத் திறக்கும்போது நேரில் நிற்கவும் உரிமை உண்டு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 2018-இல் ஓர் அமெரிக்க ஆட்டக்காரர் வேறொருவரின் சிறுநீரைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். எப்படித் தெரிந்தது? கர்ப்பிணிகளிடம் காணப்படும் சுரப்பு அதில் இருந்தது! 2020 வரை அவருக்குத் தடை விழுந்தது.

சரி, ஏமாற்றுபவர் அகப்பட்டார். ஆனால் தராசே தவறினால்?

அமெரிக்க வீராங்கனை டயானா டௌராசிக்கு அதுதான் நடந்தது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் துருக்கியில் ஃபெனர்பாச்சே குழுவுக்காக ஆடிக்கொண்டிருந்தார. தூக்க மயக்கத்துக்குக் கொடுக்கப்படும் மோடாஃபினில் என்னும் மருந்து அவர் உடம்பில் இருப்பதாக அங்காராவிலுள்ள ஆய்வுக்கூடம் அறிவித்தது. இரண்டாம் புட்டியும் அதையே சொன்னது. குழு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. “நான் சாப்பிடவில்லை” என்று அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? அவர் விடவில்லை, போராடினார். 2011 பிப்ரவரியில் அதே ஆய்வுக்கூடம் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. தடை நீங்கியது. அதன்பின் 2012 முதல் 2024 வரை மேலும் நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்று, மொத்தம் ஆறு தங்கங்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். அன்று அவர் மனம் உடைந்து ஒதுங்கியிருந்தால்?

நம் நாட்டிலும் இந்த வேதனை தெரியும். 2014 உலகப் பூப்பந்துப் போட்டியில் டத்தோ லீ சோங் வெய்யின் சோதனையில் டெக்ஸாமெத்தசோன் தெரிந்தது. அவர் ஏமாற்றும் எண்ணத்தோடு உட்கொள்ளவில்லை என்று விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. ஆனாலும் எட்டு மாதத் தடை. வெள்ளிப் பதக்கமும் போயிற்று. “தெரியாமல் சாப்பிட்டேன்” என்றால் தண்டனை குறையலாம். பழி முழுதும் நீங்காது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ பள்ளிக் குழுவிலிருந்து மாநிலக் குழுவுக்குப் போகும் நாள் வரலாம். இப்போதே பழக்குங்கள். இருமல் மருந்தானாலும், சத்து மாவானாலும், அடுத்த வீட்டார் அன்போடு கொடுத்த மாத்திரையானாலும், டாக்டரையும் பயிற்றுநரையும் கேட்காமல் வாயில் போடக் கூடாது. மருந்தின் உறையைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையா? உரிய மருந்துக்கு முன்கூட்டியே அனுமதி பெறும் வழியும் உண்டு. பிள்ளையின் உயிர் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். படிவத்தில் கையெழுத்திடுமுன் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். புட்டியின் முத்திரையைத் தானே பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாய் திறந்து கேட்க வேண்டும். நேர்மையாக ஆடும் பிள்ளை யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.