பிறந்தநாள் வாழ்த்தில் கசியும் அடையாள அட்டை

சுங்கை பாக்காப் மருத்துவமனையில் 2008 மார்ச் 14ஆம் நாள் பிறந்த ஒரு பிள்ளையின் அடையாள அட்டை எண் 080314-07 என்றுதான் தொடங்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்குக்கு 07. எல்லை தாண்டி பாரிட் புந்தாரில் பிறந்திருந்தால் பேராக்கின் 08.

அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்போது நண்பர்கள் இன்ஸ்டாகிராமில் கேக் படம் போட்டு, வயதையும் எழுதி வாழ்த்துகிறார்கள். முகநூலில் சொந்த ஊர் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, பன்னிரண்டு இலக்கங்களில் எட்டை யாரும் திருடவே தேவையில்லை. எஞ்சிய நான்கிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை.

மீதியையும் நாமே கொடுத்துவிடுவது எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில்தான். மகிழ்ச்சியில் தேர்வுச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து அப்படியே பகிர்கிறோம். பெயர், பள்ளி, அடையாள அட்டை எண், தேர்வு எண் எல்லாம் அதில் இருக்கும். எத்தனை 'ஏ' என்று சொன்னால் போதாதா?

கைப்பேசியில் இன்னொரு வாசலும் உண்டு. செயலியைப் பதிவிறக்கும்போது, "தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கவா?" என்று அது கேட்கும். யோசிக்காமல் 'சரி' என்று அழுத்துகிறோம். நம் எண்ணோடு பாட்டி, டியூஷன் ஆசிரியர் ஆகியோரின் எண்களும் சேர்ந்தே போகின்றன. அவர்களை யாரும் கேட்கவில்லை. தொடர்பு எண்கள் வழியாக நண்பர்களைத் தேடும் முகநூலின் வசதியைத் தவறாகப் பயன்படுத்தித்தான் 533 மில்லியன் பயனர்களின் விவரங்களைத் திரட்டினார்கள். 2021 ஏப்ரலில் அவை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன.

நம் நாட்டில் 2017 அக்டோபரில் வெளியான செய்தியும் பலருக்கு நினைவிருக்கும். 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 32 மில்லியன்தான். கைப்பேசி எண்ணோடு பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் வெளியாயின.

இப்படிக் கசிந்த பட்டியலும் நாம் பகிரும் படங்களும் ஒரே கையில் சேரும்போதுதான் ஆபத்து. போலீஸ் அல்லது வங்கி அதிகாரி என்று சொல்லிப் பேசுபவன் நம் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தடுமாறாமல் படித்துக் காட்டினால், படித்தவர்களே நம்பிவிடுகிறார்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகத் தகவலைக் கையாள்வதற்கு அது பொருந்தாது. நம் படத்தைப் போட்டு வாழ்த்தும் சித்தப்பாவிடம் நாம்தான் பேச வேண்டும்.

இன்றைக்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முகநூலில் பிறந்த ஆண்டை மறைத்துவிடுங்கள். கைப்பேசி அமைப்புகளில் 'அனுமதிகள்' பகுதிக்குப் போய், தொடர்பு எண்கள், இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவை எந்தச் செயலிக்குத் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். விளையாட்டுச் செயலிக்கு உங்கள் பாட்டியின் எண் எதற்கு? புலனத்தில் இரண்டு படி சரிபார்ப்பை இயக்குங்கள். "தவறுதலாக உனக்கு ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்பு" என்று நண்பரே கேட்டாலும் அனுப்பாமல், முதலில் அவரை அழைத்துப் பேசுங்கள். அவருடைய கணக்கே களவு போயிருக்கலாம்.

ஏமாந்து பணம் கைமாறிவிட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே 997ஐ அழையுங்கள். அது தேசிய மோசடி உதவி மையத்தின் எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.