தடுத்து நிற்பவரின் விளையாட்டு: லக்றோஸ் வீரர் சிட் ஸ்மித்

ரண்டர்ஸ் நகரப் பாடசாலைகளில் எமது பிள்ளைகள் சேர்ந்த சில மாதங்களிலேயே, மண்டபத்துக்குள் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்கிவிடுகின்றனர். டென்மார்க்கின் நீண்ட குளிர்காலத்தில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் மண்டபத்துக்குள்தான். இந்த நகரின் ரண்டர்ஸ் எச்.கே. பெண்கள் ஹான்ட்போல் அணி 2010 இல் ஐரோப்பாவின் ஈ.எச்.எவ். கிண்ணத்தையும், 2012 இல் டென்மார்க்கின் சம்பியன் பட்டத்தையும் வென்றது.

இவ்வாறான விளையாட்டுகளில் கோல் போடுபவரை எல்லோருக்கும் தெரியும். கோல் விழாமல் தடுத்தவரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? எங்கள் ஊர்க் கிளித்தட்டில் கோட்டில் கால் வைத்து, கைகளை விரித்து, எதிராளியை உள்ளே விடாமல் மறித்து நிற்பவரை எண்ணிப் பாருங்கள். அந்த வேலையையே தொழிலாகச் செய்த ஒருவரைப் பற்றி இங்கு எழுதுகிறோம். அவர் பெயர் சிட் ஸ்மித். விளையாட்டின் பெயர் லக்றோஸ்.

எப்படி ஆடுகிறார்கள்?

நுனியில் சிறு வலை பின்னிய தடியால் இறப்பர் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, பிடித்து, எதிரணியின் கோலுக்குள் அடிப்பதே லக்றோஸ். வெளி மைதானத்தில் ஆடுவது ஒரு வகை. பலகை அடைத்த ஐஸ் ஹொக்கி அரங்குக்குள் ஆடுவது இன்னொரு வகை. கனடாவில் கோடைகாலத்தில் வெறுமையாகக் கிடந்த ஐஸ் அரங்குகளைப் பயன்படுத்துவதற்காக 1930களின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது வகை பரவியது.

உள்ளரங்கில் ஓர் அணிக்குக் கோல் காப்பாளரும் ஐந்து ஆட்டக்காரரும் களத்தில் நிற்பர். வட அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள் உண்டு. பந்து கைக்கு வந்த அணி 30 செக்கனுக்குள் கோலை நோக்கி எறிந்துவிட வேண்டும். ஆகவே தடுப்பவரின் வேலை தெளிவானது. அந்த 30 செக்கன்களும் எதிரியை நடுப்பகுதிக்குள் விடாமல் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தடியை இரு கைகளாலும் பிடித்து எதிராளியை நெஞ்சோடு நெஞ்சாக முட்டித் தள்ள விதிகளில் இடமுண்டு. பந்து கைமாறியதும் தடுப்பாட்டக்காரர் ஓடிச் சென்று வாங்கில் அமர, தாக்குதல் ஆட்டக்காரர் உள்ளே இறங்குவார். இதனால் நல்ல தடுப்பாட்டக்காரர் ஒருவர் பல போட்டிகளில் ஒரு கோல் கூடப் போடாமலே ஆடிமுடிப்பதுண்டு.

சிட் ஸ்மித் எந்த மண்ணைச் சேர்ந்தவர்?

எமது உறவினர் பலர் வாழும் ரொறன்ரோவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்தில், கிறாண்ட் ஆற்றங்கரையில் ஆறு தேசங்கள் எனப்படும் பூர்வகுடிகளின் நிலம் இருக்கிறது. மோஹோக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா, ரஸ்கறோறா ஆகிய ஆறு இனங்கள் சேர்ந்த இவர்கள் தம்மை ஹோடனோஷோனி என்று அழைக்கின்றனர். ஐரோப்பியர் இட்ட பெயர் இறோக்குவா.

இவர்களின் பூர்வீகம் இன்றைய நியூயோர்க் மாநிலம். அமெரிக்க விடுதலைப் போரில் ஊர்களை இழந்து, எல்லை கடந்து வந்தவர்களுக்கு 1784 இல் பிரித்தானிய ஆளுநர் ஹால்டிமண்ட் ஆற்றின் இருபுறமும் ஆறு மைல் அகல நிலத்தை எழுதிக் கொடுத்தார். அதில் இன்று அவர்கள் கையில் எஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்கு அளவே. போரினால் ஊரை விட்டு வந்து வேறொரு ஆற்றங்கரையில் குடியேறியவர்களின் கதை எமக்கு அந்நியமானதல்ல.

லக்றோஸ் இந்த மக்களின் விளையாட்டு. படைத்தவன் தந்தது என்றும் நோய் தீர்ப்பது என்றும் நம்புகின்றனர். குழந்தை பிறந்ததும் ஆண்பிள்ளையின் அருகில் சிறிய மரத்தடி ஒன்றை வைக்கும் வழக்கம் உண்டு. இறந்தவரோடு தடியையும் சேர்த்து அடக்கம் செய்வார்கள்.

ஒரு தட்டு, ஒரு கிண்ணம்

ஸ்மித் அமெரிக்காவின் சிறாக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். அவ்வணி 2008 இலும் 2009 இலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சம்பியனாகியது.

2009 மே மாதம் நடந்த இறுதிப் போட்டி கோர்னெல் பல்கலைக்கழகத்துடன். கடைசி நிமிடங்களில் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த சிறாக்கியூஸ், நான்கு செக்கன்கள் இருக்கையில் 9-9 எனச் சமப்படுத்தியது. மேலதிக நேரத்தில் பந்து கோர்னெலிடம் இருந்தது. ஸ்மித் எதிராளியின் தடியிலிருந்து பந்தைத் தட்டி விழுத்தினார். அந்தப் பந்து கைமாறி, அவருடைய ஊர்க்காரரான கோடி ஜேமிசனிடம் சென்றது. ஜேமிசன் கோல் போட்டார். 10-9. மறுநாள் பத்திரிகைகளில் ஜேமிசனின் கோல் பேசப்பட்டது. ஆட்டம் தெரிந்தவர்களோ ஸ்மித்தின் அந்தத் தட்டையே முதலில் சொன்னார்கள்.

பின்னர் இருவரும் தொழில்முறை உள்ளரங்கு அணியான றொச்செஸ்ரர் நைற்ஹோக்ஸில் ஆடினர். அவ்வணியின் அப்போதைய உரிமையாளர் கேர்ட் ஸ்ரையர்ஸும் ஆறு தேசங்களைச் சேர்ந்தவரே. 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவ்வணி கிண்ணத்தை வென்றது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் இதைச் செய்யவில்லை. ஸ்மித் பின்னர் அணித் தலைவராகவும் பணியாற்றினார்.

தொழில்முறை என்றதும் ஐரோப்பிய உதைபந்தாட்டக்காரரின் கோடிகளை நினைத்துவிட வேண்டாம். உள்ளரங்கு லக்றோஸ் வீரர்களில் பெரும்பாலானோருக்கு வேறு வேலை உண்டு. ஆசிரியர்களாகவும் தீயணைப்புப் படையினராகவும் வார நாட்களில் உழைத்து, வார இறுதியில் அரங்குக்குப் போகிறவர்கள் அவர்கள்.

கடவுச்சீட்டும் ஒரு போட்டியே

ஹோடனோஷோனி மக்கள் உலகப் போட்டிகளில் தமது சொந்தக் கொடியின் கீழ் ஆடுகின்றனர். 1880 இல் கனடாவின் லக்றோஸ் சங்கம் பூர்வகுடிகளைத் தொழில்முறையாளர் என்று சொல்லி விலக்கியது. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1983 இல் தமக்கென அணி அமைத்து, 1990 இல் மீண்டும் உலகப் போட்டிக்கு வந்தார்கள்.

2010 யூலையில் இங்கிலாந்தின் மான்செஸ்ரரில் உலகப் போட்டி நடந்தபோது, தமது சொந்தக் கடவுச்சீட்டிலேயே செல்வோம் என்றனர். அமெரிக்க அரசு ஒருமுறை விலக்கு அளித்த பின்னும் பிரித்தானியா அதனை ஏற்கவில்லை. அமெரிக்க அல்லது கனடியக் கடவுச்சீட்டை எடுத்தால் போகலாம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். போட்டியும் கைநழுவிப் போனது. பயணப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலைய வரிசைகளில் நின்ற எமக்கு, அந்த வீரர்களின் மனநிலையை விளக்கத் தேவையில்லை.

2015 இல் உள்ளரங்கு உலகப் போட்டியை ஒனொண்டாகா மக்களே தம் மண்ணில் நடத்தினார்கள். வந்த அணிகளின் கடவுச்சீட்டுகளில் தமது முத்திரையைக் குத்தி வரவேற்றார்கள். இறுதிப் போட்டியில் கனடாவிடம் 12-8 எனத் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்றோஸ் இடம்பெறவிருப்பதால், அங்கும் தம் பெயரில் ஆட இடம் கேட்டிருக்கிறார்கள்.

எமது பெற்றோருக்கு

லக்றோஸ் தடியை ரண்டர்ஸில் தேடி அலைய வேண்டியதில்லை. ஹான்ட்போல், பூப்பந்து, உதைபந்து எனக் கழகங்கள் அருகிலேயே உள்ளன. "விளையாடப் போனால் படிப்புக் கெட்டுப்போகும்" என்று அஞ்சும் பெற்றோர், ஸ்மித் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே ஆடியவர் என்பதைக் கவனிக்கலாம். கழகத்துக்குப் பிள்ளையை அனுப்புவதோடு நின்றுவிடாமல், போட்டி நாளில் வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும், மண்டபத்தில் கோப்பி ஊற்றிக் கொடுக்கவும் முன்வாருங்கள். இங்குள்ள பெற்றோர் அப்படித்தான் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கின்றனர். மொழி தடுமாறினாலும் பரவாயில்லை. பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை கோல் போட்டாய்?" என்று மட்டும் கேளாதீர்கள். "எத்தனை கோலைத் தடுத்தாய்?" என்றும் கேளுங்கள். பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பெரிய உற்சாகம் தரும்.